வாசித்துவிட்டு வருகிறவர்கள்

ஈர வேட்டியை உதறும் சத்தம் அது. ஒற்றை வேட்டி அல்ல. அருவியில் குளித்துவிட்டு விடிந்தும் விடியாமலும் திரும்பி வருகிறவர்கள் செண்பகா லாட்ஜின் மாடி வராந்தாவில் வரிசையாக நின்று, வேட்டியும் சேலையும் துண்டும் பாவாடையுமாக ஒருவர் மாற்றி ஒருவர் உதற, புறாக்கூட்டம் ஒன்று கைப்பிடிச் சுவரிலிருந்து எழும்பி எழும்பி மறுபடியும் அதே சுவரில் வந்து உட்காருவதைப்போல, ஆனியில் தொடங்கி ஆவணி பிறக்கும்வரை காலைதோறும் கேட்ட சத்தம். கீழே சமையல்கட்டில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும் உலகம்மை அந்தச் சத்தத்தை வைத்தே வந்திருக்கிற கூட்டத்தை அளந்துவிடுவாள். பக்கத்தில் வெந்நீர் பாய்லருக்கு விறகு தள்ளிக்கொண்டிருக்கும் அவளுடைய மைனி இலஞ்சியம், அதாவது அவள் புருஷன் மகாலிங்கத்தின் அக்கா, முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்து, "எய்யா, அருவி அங்கன மலையில இருக்கு, எங்க தலையில இன்னொண்ண விடாதிய!" என்று கத்துவாள். மேலேயிருந்து சிரிப்புக் கேட்கும். அப்புறம் மறுபடியும் புறாக்கள் எழும்பும்.

தூவாநல்லூர் மலையடிவாரத்து ஊர். சாரல் விழுகிற இரண்டு மாதம் விழித்திருந்து, மீதி மாதங்கள் அந்த இரண்டு மாதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிற ஊர். அங்கே இலஞ்சியம் சின்ன வயசிலேயே தாலியை இழந்துவிட்டு அப்பா கட்டிய லாட்ஜுக்குத் திரும்பி வந்து, பாய்லரையும் அடுப்பையும் தங்க வருகிறவர்களையும் ஒரே குரலில் அதட்டி ஆண்டாள். அந்த லாட்ஜை மகாலிங்கம் ஒருநாள் விற்றான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றான். அந்த ஆடியில், மலையும் தெரியாமல் தெருவும் தெரியாமல் மழை ஊற்றிய ஒரு நாளில், சந்தைக்குப் போன உலகம்மை ஆற்றோடு ஒட்டிக் கிடக்கும் சப்பாத்துப் பாலத்தின் மேல் தண்ணீர் போனதால் அக்கரையிலேயே நின்றுவிட்டு, வடிந்தபிறகு வீட்டுக்கு வந்து பார்த்தபோது, கொடியில் மைனியின் சேலைகள் இல்லை, ஆணியில் மஞ்சள் பை இல்லை, மைனியும் இல்லை.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். திருச்செந்தூரில் கடலோரத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பழனிப் படியில் காவி கட்டி உட்கார்ந்திருந்ததாக இன்னொருவர் சொன்னார். கொல்லத்தில் முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைப்பதாக ஒருத்தி தன் பிள்ளைமேல் கையடித்துச் சொன்னாள். மகாலிங்கம் எல்லா இடத்துக்கும் போனான், எல்லா இடத்திலிருந்தும் தனியாகத் திரும்பினான், தேடித் தேடியே ஒருநாள் நெஞ்சடைத்துச் செத்தும் போனான். அதற்குப்பிறகு உலகம்மைக்கு ஒரே ஒரு கவலைதான் மிஞ்சியது. ஆடி அமாவாசைக்குக் காய்கறி எல்லாம் சமைத்து, இலையைத் துடைத்து விரித்து, மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, மகாலிங்கத்துக்கு ஒன்று என்று படையல் போட்டுக்கொண்டு வரும்போது, மைனிக்கு ஒரு இலை போடுவதா வேண்டாமா என்று கை அந்தரத்தில் நின்றுவிடும். உயிரோடு இருக்கிறவளுக்கு இலை போட்டால் அவளைச் செத்துப்போ என்று சொன்னதாகும். செத்தவளுக்குப் போடாமல் விட்டால் அவள் வாசலில் பசியோடு நின்றுவிட்டுப் போவாள். வருஷாவருஷம் உலகம்மை ஒரு இலையை எடுப்பாள், பிறகு சுருட்டி வைப்பாள்.

லாட்ஜ் இருந்த இடத்தில் வெகுகாலம் கழித்து 'கிரீன் மிஸ்ட் ரெசிடென்சி' எழும்பியது. நாலு மாடி. வராந்தாவே கிடையாது, எல்லாம் கண்ணாடி. விற்பனையில் சேராமல் தப்பிய பின்கட்டு வீட்டில் உலகம்மை இருந்தாள். அவள் படுக்கைக்கு நேர் எதிரே ஹோட்டலின் ஜெனரேட்டர் இருந்தது. திறந்த வருஷம் மேனேஜர் தங்கையா ஊரையே கூப்பிட்டு, ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கையில் கொடுத்து, இணையத்தில் ஹோட்டலைப் பற்றி அஞ்சு ஸ்டார் போட்டு நாலு வார்த்தை எழுதச் சொன்னார். வெளியூர்க்காரர்கள் அதை வாசித்துத்தான் வருவார்களாம். ஊரும் எழுதியது. சலூன்காரர் குடும்பத்தோடு தங்கியதாகவும் சொர்க்கம் என்றால் இதுதான் என்றும் எழுதினார். முட்டை வாடைக்கே மூக்கைப் பொத்துகிற கோயில் குருக்கள் சிக்கன் பிரமாதம் என்று எழுதினார். உலகம்மைக்குத் தயிர்சாதப் பொட்டலம் கிடைத்தது. புனாவிலிருக்கும் மகள் வாங்கி அனுப்பிய போனில் அவளும், ஜெனரேட்டர் காதுக்குள் உறுமிக்கொண்டிருக்க, 'நிம்மதியான உறக்கம்' என்று எழுதினாள்.

அப்படியே சில வருஷம் போனது. ஒரு ஆனி மாதக் காலையில் உலகம்மை அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடி போட்டு அடைத்த அந்த நாலு மாடிக்குள்ளேயிருந்து ஈர வேட்டியை உதறும் சத்தம் கேட்டது. அவள் கையில் தீக்குச்சி விரல்வரை எரிந்து அணைந்தது. பின்சுவருக்கு மேலே விறகுப் புகை எழுந்து சாரலில் கரைந்துகொண்டிருந்தது.

முதலில் போனவர்கள் அருப்புக்கோட்டையிலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பம். ரிசப்ஷனில் அவர்களை யாரும் பார்க்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள், இரண்டு நாள் கழித்துத் தலைமுடியில் விறகுப்புகை வாசத்தோடு வெளியே வந்தார்கள், வழியில் நின்ற தங்கையாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "பலாமரத்தடியில கட்டில் போட்டுக் குடுத்தீங்களே, ரொம்பச் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பலாமரத்தை வெட்டித்தான் லிப்டுக்குக் குழி தோண்டியிருந்தார்கள். தங்கையா போனை எடுத்துப் பார்த்தார். பிரியாணி ஸ்டார்களுக்குக் கீழே, யார் யாரோ எழுதியவை புதிதாக முளைத்திருந்தன. 'பித்தளைச் செம்பில் வெந்நீர் தருகிறார்கள். கஞ்சி போட்ட விரிப்பு, திரும்பிப் படுத்தால் நொறுங்குகிறது.' 'ரேடியோவில் இரவு எட்டே முக்கால் செய்தி கேட்டுக்கொண்டே சாப்பிட்டோம்.' 'மாடியில் துணி உதறினால் கீழே ஒரு அம்மாள் திட்டுகிறார். திட்டு நன்றாக இருக்கிறது. நாலு ஸ்டார்.'

அதை வாசித்தவர்கள் வந்தார்கள். வாசித்ததை நம்பி வந்தவர்களுக்குச் செண்பகா லாட்ஜ் திறந்தது; நம்பாமல் வந்தவர்களுக்கும் ஒன்றும் வாசிக்காமல் வந்தவர்களுக்கும் அதே கதவு குளிர்சாதன ரிசப்ஷனுக்கும் பிளாஸ்டிக் ஆர்க்கிட் பூவுக்கும் திறந்தது. எந்த வரியை நம்பி வந்தார்களோ அந்த வரி சொல்கிற பழைய நாளுக்குள்தான் போனார்கள். ஒரே காலையில் போன இரண்டு குடும்பங்களில் ஒன்று பலாப்பிஞ்சைப் பார்த்தது, மற்றது பழம் தின்றது. ஒத்தப்பாலத்துத் தம்பதியில் பெண்டாட்டி நம்பியும் புருஷன் நம்பாமலும் வந்ததால், அவள் கட்டிலிலும் அவன் ஏசி அறையிலும் தங்கிவிட்டு, திரும்பிப் போகிற அன்று பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக்கொண்டார்கள். இன்னும் சிலர் இருந்தார்கள். பத்து இடத்து ரிவ்யூக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் கதவைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் வாசலில் நின்றார்கள், அப்புறம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள்.

ஊர் இதை எடுத்துக்கொண்டவிதம் சாரலை எடுத்துக்கொள்வதைப்போல இருந்தது. குடையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆட்டோக்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் பெட்டியைத் தூக்கும்போதே, "வாசிச்சுட்டு வாறியளா, வாசிக்காம வாறியளா?" என்று கேட்கப் பழகினார்கள். வாசித்துவிட்டு வந்தவர்களை வாசலுக்குப் பக்கவாட்டில் இறக்கினார்கள், ஏனென்றால் அந்தக் காலத்தில் வண்டிகள் அங்கேதான் நிற்கும். சலவைக்காரர் இரண்டுவிதமான விரிப்பு வருவதைப் பார்த்து இரண்டாவதற்குக் கஞ்சி காய்ச்சினார். புகைபோக்கி இல்லாத நாலாவது மாடியிலிருந்து புகை வருகிறது என்று யாரோ சொல்ல, தீயணைப்பு வண்டி ஒருதடவை வந்தது, ஆட்கள் டீ குடித்தார்கள், போனார்கள். பஞ்சாயத்தில் இரண்டு கட்டடத்துக்கு இரண்டு வீட்டு வரியா என்று பேச்சு எழுந்தபோது, தலைவர் யோசித்து, கதவு ஒன்றுதானே என்று முடித்துவிட்டார். சென்னையிலிருந்த முதலாளி ஸ்டார் ஏறுவதைப் பார்த்துத் தங்கையாவைப் பாராட்டினார். அறைகளெல்லாம் காலியாக இருக்க, தங்கினவர்களெல்லாம் திருப்தியாகப் போக, தங்கையா மட்டும் யாருடைய லாட்ஜுக்கு மேனேஜராக இருக்கிறோம் என்று தெரியாமல் காலையும் மாலையும் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஊர்க்காரர்களில் ஒருவரால்கூட உள்ளே போக முடியவில்லை. ஆசை இல்லாமலா? செத்துப்போன அப்பா அந்த வராந்தாவில் சீட்டாடிக்கொண்டிருந்ததாக ஒரு ரிவ்யூவில் படித்துவிட்டுச் சலூன்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு போனார். பிளாஸ்டிக் பூவைப் பார்த்துவிட்டு வந்தார். குருக்கள் மூன்று நாள் விரதம் இருந்து போனார். லிப்டு அவரை மொட்டைமாடிவரை கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்தது.

"என்னத்த செய்ய?" என்றார் சலூன்காரர். "கண்ணை மூடிக்கிட்டுத்தான் போறேன். ஆனா ரிவ்யூன்னதும் நாக்குல பிரியாணி மசாலா வருதுய்யா."

அதுதான் காரணம். இந்த ஊரில் எல்லோரும் பொய்யாக எழுதியவர்கள். எழுதுகிற கை எப்படி எழுதும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உலகம்மை பின்சுவர் ஓரமாகக் காத்திருந்து, வெளியே வருகிறவர்களை நிறுத்திக் கேட்பாள். "உள்ள ஒரு அம்மா இருக்காகளா? கொஞ்சம் உசரமா, மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்திப் பொட்டு வச்சு?"

"இருக்காங்களே. எம் பையன் சோப்பைக் கிணத்துல போட்டுட்டான்னு எனக்கு விழுந்துது பாருங்க ஒரு டோஸு!"

"நல்லா இருக்காகளா?"

"அவங்களுக்கென்ன, சமையல்கட்டே அதிருது."

அதிருகிற சமையல்கட்டு சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தது. அங்கே இருக்கிற மைனி இன்னும் எங்கேயும் போகாத மைனி. ஆனால் போகப் போகிறவள். எங்கே போகப் போகிறாள் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உள்ளே போய் அதை மட்டும் கேட்டுவிட்டால் போதும் என்று உலகம்மை நினைத்தாள். ஆடி பிறந்திருந்தது. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. முட்டிவலி கூடிக்கொண்டே போகிறது, அடுத்த அமாவாசைக்கு அடுப்படியில் நிற்க முடியுமோ முடியாதோ.

அவள் எல்லா ரிவ்யூவையும் வாசித்தாள். வாசித்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முன்வாசலைத் தள்ளிக்கொண்டு போனாள். சில்லென்று ஏசி முகத்தில் அடித்தது.

"வாங்கக்கா," என்றார் தங்கையா. இப்போதெல்லாம் அவர் ஊர்க்காரர்களுக்காக நாற்காலி போட்டே வைத்திருந்தார். "இன்னைக்கும் இங்கதானா?"

"இங்கதான்."

"நீங்க நம்பி வாசிக்கணும்க்கா. வரிவரியா நிறுத்தி."

"நிம்மதியான உறக்கம்னு எழுதினவ நான், தங்கையா. உன் மோட்டார் உறுமுத உறுமலுல என் சன்னல் கண்ணாடி உதிர்ந்து விழுந்திருக்கு, நான் உறக்கம்னு எழுதினேன். அதையும் ஒருத்தன் நம்பித்தானே வந்திருப்பான்?"

தங்கையா பூந்தொட்டியைப் பார்த்தார். "பாதிப் பேரு அதைப் பாத்துத்தான்க்கா வந்தாங்க," என்றார். பிறகு டீ வரவழைத்தார்.

அமாவாசைக்கு முந்தின வாரம் ஒரு மதியத்தில் அந்த ரிவ்யூ வந்தது. மதுரைக்காரர் ஒருவர், ஒரே ஒரு ஸ்டார் போட்டு, கோபத்தோடு எழுதியிருந்தார்.

'விடாத மழை. காலையில் வெந்நீர் கேட்டால் சமையல்கட்டு அம்மாள், "அருவியில குளிக்க வந்துட்டு வெந்நீர் கேக்கியளே, இதுக்கு வீட்டுலயே குளிச்சிருக்கலாம்லா" என்கிறார். ரசத்தில் உப்பு இல்லை. கவனம் வேறு எங்கேயோ இருக்கிறது. காப்பி கேட்டேன், பால் இல்லையாம். ஆனால் மாடக்குழியில் ஒரு டம்ளர் காப்பி தட்டு போட்டு மூடி இருந்தது. அதைக் கேட்டதற்கு, "அது உலகுக்கு, தொடாதிய" என்றார். உலகு என்பவர் யார் என்று தெரியவில்லை, நான் இருந்தவரை வரவில்லை. பணம் கொடுத்துத் தங்குகிறவர்களுக்கு இல்லாத காப்பி! யாரும் இங்கே தங்காதீர்கள்.'

உலகம்மை போனை மடியில் வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

அன்றைக்குச் சப்பாத்தில் தண்ணீர் வடிந்து, நனைந்த காய்ப்பையோடு அவள் சமையல்கட்டுக்குள் நுழைந்தபோது, மாடக்குழியில் அந்த டம்ளர் இருந்தது. மேலே ஏடு படிந்து கிடந்தது. மைனியின் கொடியையும் ஆணியையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, வந்த ஆத்திரத்தில் அதை அப்படியே முற்றத்து மழையில் கொட்டினாள். மகாலிங்கத்திடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை. கொட்டின கையை அவளே மறக்கப் பார்த்தாள். புகழ்ந்து எழுத யாருக்கு வேண்டுமானாலும் ஒரு பொட்டலம் கொடுக்கலாம். இந்த மனுஷனுக்குக் காப்பிகூடக் கிடைக்கவில்லை. காப்பி கிடைக்காத கோபத்தில் எழுதியிருக்கிறான். அவள் அதை நம்பினாள். நம்பலாமா என்று யோசிப்பதற்கு முன்னாலேயே நம்பியிருந்தாள்.

மறுநாள் காலையில் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தோள்பையில் ஒரு மாற்றுச் சேலையும் சோப்பும் துண்டும் மடக்குக் குடையும் வைத்துக்கொண்டு, பின்கட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, தென்காசிக்குப் பஸ் ஏறினாள். அங்கே பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, ஊருக்குப் புதிதாகப் போகிறவளைப்போலக் கண்டக்டரிடம், "தூவாநல்லூர் வந்தா சொல்லுங்க" என்று சொல்லி, ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பி வந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து யாரும் லாட்ஜுக்குத் தங்க வருவதில்லை. வருகிறவள் எங்கிருந்தாவது வர வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் மாடக்கண்ணு ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தான். தினமும் அவளை அத்தை என்று கூப்பிடுகிறவன். வாயைத் திறந்தவன் தோள்பையைப் பார்த்தான், கட்டின சேலையைப் பார்த்தான், முறுக்குப் பொட்டலத்தைப் பார்த்தான். பிறகு பையை வாங்கி உள்ளே வைத்தான்.

"எந்த ஊரும்மா?" என்றான்.

"வெளியூருதான்."

"லாட்ஜுக்கா?"

"ஆமா, செண்பகா லாட்ஜு."

"வாசிச்சுட்டு வாறியளா, வாசிக்காம வாறியளா?"

உலகம்மை மலையைப் பார்த்தாள். மலை மேகத்துக்குள் இருந்தது. "வாசிச்சுட்டுத்தாம்ப்பா வாறேன்," என்றாள்.

அவன், ஊர் தெரியாதவளுக்கு ஊரைக் காட்டிக்கொண்டு போவதைப்போல, இது கோயில், இது சந்தை, இது சப்பாத்து என்று சொல்லிக்கொண்டே ஓட்டி, வாசலுக்குப் பக்கவாட்டில் இறக்கினான். "சூதானமா இருந்துட்டு வாங்க," என்றான். "வரும்போது நான் இங்கனயே நிப்பேன்."

கதவு முன்னைப்போலவே அழுத்தித் தள்ளினால்தான் திறந்தது. மழைவெள்ளம் முற்றத்துத் தூம்பில் சுழன்றுகொண்டிருந்தது. மேலே யாரோ துணி உதறினார்கள், யாரும் அதட்டவில்லை. பலாமரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. சமையல்கட்டு வாசலில், மூக்கின் இரண்டு பக்கமும் பொட்டு மின்ன, இலஞ்சியம் நின்றுகொண்டிருந்தாள்.

உலகம்மை நினைத்துப் பார்த்திராத ஒன்று அப்போது நடந்தது. மைனி சின்னவளாக இருந்தாள். தன்னைவிடச் சின்னவள். நெற்றியோரம் மட்டும்தான் நரை. அவள் வந்தவளின் முழு வெள்ளைத் தலையைப் பார்த்துவிட்டு, "வாங்க பெரியம்ம," என்றாள். "குடையை உள்ள கொண்டாராதிய, அங்கனயே சாத்துங்க. தனியாவா வந்திய? இந்த மழையில?"

"தனியாத்தான்."

"பிள்ளையள் விடுதாகளா தனியா? நல்லா விட்டாக. உக்காருங்க." அவள் மணையைக் காலால் நகர்த்திப் போட்டாள். "அறை எல்லாம் ஒழிஞ்சிதான் கெடக்கு. ஒருத்தரு மட்டும் மதுரையில இருந்து வந்து வெந்நீருக்குக் கத்திக்கிட்டுக் கெடக்காரு."

அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே உலகம்மை அந்த ஆணியைப் பார்த்தாள். மஞ்சள் பை தொங்கியது. தொங்கவில்லை, நிறைந்து கனத்து இறங்கி நின்றது.

'மைனி, நான்தான் உலகு' என்ற சொல் தொண்டைவரை வந்தது. அது தொண்டையில் நிற்கும்போதே இலஞ்சியம் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஊருக்குப் போறேன்," என்றாள் குரலைத் தாழ்த்தி.

"எந்த ஊருக்கு?"

இலஞ்சியம் வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். "நீங்க வெளியூரு. இன்னைக்கு வந்து நாளைக்குப் போறவுக. உங்ககிட்டச் சொன்னா என்ன? எந் தம்பி இந்த லாட்ஜை வித்துட்டான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு ஒரு வாரமா எம் முகத்தைப் பாக்காமலே சாப்பிட்டுட்டுப் போறான். அந்தக் குனிஞ்ச தலையைப் பாத்துக்கிட்டு நான் எப்படி இவனுக்குச் சோறு போட? நானாப் போயிட்டா அவன் நிமிந்துக்கிடுவான்."

"தம்பி பெண்டாட்டிகிட்டயாவது சொல்லலாமே."

"உலகுகிட்டயா?" இலஞ்சியம் சிரித்தாள். "சொன்னா விடுவாளா? அழுது அமர்க்களம் பண்ணி, புருசனோட மல்லுக்கு நின்னு, கோவிச்சுக்கிட்டு எம் பின்னாலயே பையைத் தூக்கிட்டு வந்திருவா. வாயி இல்லாத மாதிரி இருப்பா, பெரியம்ம, ஆனா புடிச்சா புடிதான். அவ வாறதுக்குள்ள நான் கெளம்பணும். மழை நல்லதாப் போச்சு, சப்பாத்துல தண்ணி ஓடும், நின்னுதான் வருவா."

உலகம்மை தன் பெயரை முழுங்கினாள். அதைச் சொல்லிவிட்டால் இந்த வாய் மூடிக்கொள்ளும். மகாலிங்கம் ஊர் ஊராகத் தேடியும், அவள் வருஷாவருஷம் யோசித்தும், இருபது வருஷத்துக்கு மேல் கிடைக்காதது, அவள் யாரோ ஒருத்தியாக இருக்கிறவரைதான் கிடைக்கும்.

"எங்கன போறிய?" என்று கேட்டாள்.

"புனலூரு. போன சீசன்ல இங்கன தங்கின டீச்சரம்மா ஒருத்தி சொன்னா, ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல பொம்பளைப் பிள்ளையள் விடுதி இருக்காம், சமையலுக்கு ஆளு வேணுமாம். அந்த ஊரு அரிசி வேகாதுன்னு சொல்லுதாக. வேகவச்சுப் பாப்போம்." அவள் எழுந்தாள். மாடக்குழியிலிருந்து டம்ளரை எடுத்து, தட்டை விலக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். "ஏடு கட்டிருச்சு. அவ வரும்போது சுடவச்சுக் குடுக்க நான் இருக்க மாட்டேன், பச்சத்தண்ணியாக் குடிக்கவா போறா? நீங்க நனைஞ்சு வந்திருக்கிய. குடியுங்க, நான் சூடாக்கித் தாரேன். கருப்பட்டிக் காப்பி. உங்களுக்குப் பிடிக்குமோ என்னமோ."

அடுப்பில் வைத்துச் சூடாக்கி, ஏட்டை விரலால் எடுத்துப் போட்டு, ஆற்றிக் கொடுத்தாள். உலகம்மை குடித்தாள். அவளுக்கு என்று வைத்த காப்பியை அவள் யாரோவாக உட்கார்ந்து, ஒவ்வொரு மிடறாக, கருப்பட்டி நாக்கில் கரைகிறவரை நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். இலஞ்சியம் பையை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உலகும் இப்பிடித்தான்," என்றாள். "டம்ளரை ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சுக்கிடுவா. சளிப் பிடிச்ச பிள்ளை மாதிரி."

உலகம்மை டம்ளரைவிட்டு முகத்தை எடுக்கவில்லை.

"வயசான காலத்துல அவ உங்க மாதிரி இருப்பாளா இருக்கும்," என்றாள் இலஞ்சியம். "தனியா ஊரு சுத்த தைரியம் வரணும் அவளுக்கு." பிறகு சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "அந்த மதுரைக்காரரு கேட்டா வெந்நீர் இல்லைன்னு சொல்லிருங்க. வாறேன் பெரியம்ம."

"போயிட்டு வாங்க," என்றாள் உலகம்மை. அவள் தன் குடையை எடுத்து நீட்டினாள். இலஞ்சியம் அதைப் பார்த்து, இந்தக் காலத்துக் குடை எப்படி மடிகிறது என்று தெரியாமல் ஒருதடவை திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்து, கதவை அழுத்தித் தள்ளிக்கொண்டு, சப்பாத்துக்குப் போகாத மேற்கு வழியாக அந்தப் பழைய மழைக்குள் இறங்கிப் போனாள். உலகம்மை பின்னாலேயே வாசலுக்கு ஓடினாள். வெளியே இன்றைய வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு ஆட்டோவில் கால்மேல் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அதற்குப்பிறகும் ஒத்தப்பாலத்துக்காரர்களும் அருப்புக்கோட்டைக்காரர்களும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். உலகம்மை யாரையும் நிறுத்திக் கேட்கவில்லை. தங்கையா எப்படி இருந்தது என்று கேட்டபோது, "ரசத்துல உப்பு இல்லைன்னான், நெசம்தான் போல" என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாளே செங்கோட்டைக்குப் போய், மலைக்குகைகளுக்குள் நுழைந்து நுழைந்து புனலூருக்குப் போகும் ரயிலில் ஏறினாள். தூரத்தில் அருவிகள் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. சில நாட்கள் கழித்து வந்த அமாவாசைக்கு அவள் ஊரில் இருந்தாள், அடுப்படியில் நின்றாள், யாரையும் கேட்காமல் இலைகளை விரித்தாள்.

இலஞ்சியம் புனலூரில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துப் பெண்கள் விடுதியில் சமையல்காரியாக இருந்தாள். அங்கே அவளை அம்மச்சி என்று கூப்பிட்டார்கள். மலையாளம் நன்றாகத் திட்டும் அளவுக்குக் கற்றுக்கொண்டாள். ஒரு கர்க்கடக மாதத்தில், அதாவது நம்ம ஆடியில், காய்ச்சல் கண்டு தாலுகா ஆஸ்பத்திரியில் இறந்தாள். உறவென்று சொல்ல யாரும் வராததால் விடுதிப் பிள்ளைகளே கல்லடையாற்றங்கரையில் அவளை எரித்தார்கள்.